முதற்கட்ட மருந்தாய்வில் அப்பாவைச் சேர்ப்பது குறித்து: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் எதைக் கேட்க வேண்டும்?

வானம்பாடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிய நான்காம் நிலை. கட்டியின் மரபணுப் பரிசோதனையில் கேராஸ் என்ற மரபணுவில் ஜி12சி என்ற மாற்றம் இருப்பது தெரியவந்தது. முதலில் கீமோதெரபியையும் இம்யூனோதெரபியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது பலனளிக்காமல் போன பிறகு, அந்த மாற்றத்துக்கென்றே ஒப்புதல் பெற்ற சோட்டோராசிப் மாத்திரையைத் தொடங்கினார்கள். கட்டிகள் சில மாதங்கள் நன்றாகச் சுருங்கியிருந்தன. அண்மையில் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் உள்ளவை மறுபடியும் வளர்ந்திருக்கின்றன.

இப்போது மருத்துவர், கேராஸ் மரபணு உருவாக்கும் ராஸ் புரதத்தை வேறொரு விதத்தில் தடுக்கும் புதிய மாத்திரை ஒன்றின் முதற்கட்ட மருந்தாய்வில் அப்பா சேரலாம் என்கிறார். ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்த்தேன். "அளவு உயர்த்தும் பகுதி" என்றும், "தங்களுக்கு நேரடிப் பலன் கிடைக்காமல் போகலாம்" என்றும் அதில் எழுதியிருக்கிறது. அப்பா சேர விரும்புகிறார். அம்மாவோ, அவரைச் சோதனை எலியாக ஆக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார். இதைச் சிகிச்சை என்று எடுத்துக்கொள்வதா, ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்வதா? கையெழுத்திடுவதற்கு முன் எதையெல்லாம் கேட்டறிய வேண்டும்? இத்துறையில் பணிபுரிபவர்களும், குடும்பத்தில் இதை அனுபவித்தவர்களும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நீலக்குறிஞ்சி

நான் புற்றுநோய் மருந்தாய்வுகளில் செவிலியாகவும் ஒருங்கிணைப்பாளராகவும் பணிபுரிபவள். உங்கள் அப்பாவின் மருத்துவருக்கு மாற்றாக எதையும் சொல்லவில்லை. அவரிடம் கேட்பதற்கு உங்களைத் தயார்ப்படுத்தவே எழுதுகிறேன்.

முதற்கட்ட ஆய்வு எழுப்பும் முதன்மைக் கேள்வி, "இந்த மருந்து நோயைக் குணப்படுத்துகிறதா?" என்பது அன்று, "மனிதருக்கு எந்த அளவு வரை பாதுகாப்பாகக் கொடுக்கலாம், உடலில் அது எப்படிப் பரவி எவ்வளவு நேரம் தங்குகிறது?" என்பதே. அதனால்தான் நேரடிப் பலன் கிடைக்காமல் போகலாம் என்று படிவம் வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த வரியைச் சட்டத்துக்காகச் சேர்த்த சம்பிரதாயம் என்று எண்ணிக் கடந்துவிட வேண்டாம், அது உண்மை. அதே வேளையில், பங்கேற்பவர்களுக்குப் பலனே இருக்காது என்று அதற்குப் பொருள் கொள்ளவும் தேவையில்லை.

அளவு உயர்த்தும் பகுதி என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் முடிவு பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமையும். விலங்குகளில் கண்டறிந்த நச்சுத்தன்மையை வைத்துக் கணக்கிட்ட, மிகவும் தாழ்ந்த ஓர் அளவில் முதலில் சிலருக்கு மருந்து கொடுப்பார்கள். பழைய முறைப்படி ஒரு குழுவில் மூவர் இருப்பார்கள். முதல் சுற்று, அதாவது பெரும்பாலும் 21 அல்லது 28 நாட்கள் முடியும்வரை அவர்களைக் கண்காணிப்பார்கள். மூவரில் எவருக்கும் கடுமையான பக்கவிளைவு வராவிட்டால் அடுத்த மூவருக்கு அதைவிடக் கூடுதலான அளவு கொடுக்கப்படும். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் மேலும் மூவரைச் சேர்ப்பார்கள். இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ வந்தால் அதற்கு மேல் ஏறமாட்டார்கள். இப்போது பல ஆய்வுகள் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் கணக்கில் கொள்ளும் புள்ளியியல் முறைகளால் அளவைத் தீர்மானிக்கின்றன. ஆனால் படிப்படியாக ஏறுவது என்ற அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. தகுந்த அளவு இதுவென்று ஓரளவு தெரிந்தபின், குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களை மட்டும் பெருமளவில் சேர்க்கும் விரிவாக்கப் பகுதி தொடங்கும்.

எனவே உங்கள் அப்பா எந்தப் படியில் சேர்க்கப்படுகிறார் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. "அப்பாவுக்குக் கொடுக்கப்போகும் அளவு என்ன, அதற்குக் கீழேயுள்ள அளவுகளில் இதுவரை எத்தனை பேர் மருந்து எடுத்திருக்கிறார்கள், அவர்களில் எவருக்கேனும் கட்டி சுருங்கியதா, எவரேனும் பக்கவிளைவால் நிறுத்த நேர்ந்ததா?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்த விவரங்கள் ஆய்வு மருத்துவரிடம் இருக்கும். ஒவ்வொரு குழு முடிந்ததும் அவர்கள் கூடிப் பேசித்தான் அடுத்த அளவுக்குச் செல்கிறார்கள். மிகத் தாழ்ந்த அளவில் சேரும் முதல் சிலருக்கு நச்சுத்தன்மையின் ஆபத்தும் குறைவு, பலன் கிடைக்கும் வாய்ப்பும் குறைவு. மேலே போகப்போக இரண்டும் பொதுவாகக் கூடுகின்றன. முதல் சுற்று முடிந்தபின், பாதுகாப்பானது என்று தெரிந்த உயர்ந்த அளவுக்கு அதே நோயாளியை மாற்றுவதற்குச் சில ஆய்வுகளில் இடமுண்டு. உங்கள் ஆய்வில் அது உண்டா என்பதையும் கேளுங்கள்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். 1991 முதல் 2002 வரை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த 460 முதற்கட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கட்டி குறிப்பிடத்தக்க அளவில் சுருங்கியவர்கள் 10.6 சதவீதம், மருந்தின் நச்சால் இறந்தவர்கள் 0.49 சதவீதம். 2000 முதல் 2019 வரையிலான இன்னொரு தொகுப்பில் பலன் பெற்றவர்களின் பங்கு தொடக்க ஆண்டுகளில் இருந்த 9.6 சதவீதத்திலிருந்து கடைசி ஆண்டுகளில் 18 சதவீதமாக உயர்ந்தது. சிகிச்சையால் நேர்ந்த இறப்பு மொத்தத்தில் 0.7 சதவீதம். நோயாளியின் கட்டியில் உள்ள மாற்றத்துக்குப் பொருந்தும்படி மருந்தைத் தேர்ந்தெடுத்த ஆய்வுகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், பலன் பெற்றவர்கள் 30.6 சதவீதம்; அப்படித் தேர்ந்தெடுக்காத ஆய்வுகளில் 4.9 சதவீதம் மட்டுமே. "முதற்கட்டம்" என்ற பெயரைவிட, இலக்கு பொருந்துகிறதா என்பதே அதிகம் பேசுகிறது என்பதற்கு இந்த இடைவெளியே சான்று. ஆனால், பலன் என்று இங்கே குறிப்பிடப்படுவது ஸ்கேனில் அளவிடப்படும் கட்டிகளின் விட்டங்களின் கூட்டுத்தொகை குறைந்தது 30 சதவீதம் குறைவதைத்தான். அது எத்தனை காலம் நீடிக்கும் என்பது வேறு கேள்வி.

உங்கள் அம்மாவின் அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. எந்த நாளிலும், எந்தக் காரணமும் சொல்லாமல் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை உங்கள் அப்பாவுக்கு உண்டு. அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது என்பது எல்லா நெறிமுறைக் குழுக்களும் வலியுறுத்தும் விதி. இதை அம்மாவின் முன்னிலையிலேயே மருத்துவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

மருந்தியலாளன்

நீலக்குறிஞ்சி சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். மருந்து உருவாக்கத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் இலக்கு மருந்துகளின் முதற்கட்ட ஆய்வுகளில் வியப்பூட்டும் வெற்றிகள் உண்டு என்பது உண்மை. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் 1998ஆம் ஆண்டு 83 பேர் கொண்ட முதற்கட்ட ஆய்வில் சோதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்கள் இயல்புநிலைக்குத் திரும்பின. ஆயினும் அந்த நோய் பெரும்பாலும் ஒரே மரபணுக் கோளாற்றால் இயக்கப்படுவது, அவர்களும் நோயின் நாட்பட்ட கட்டத்தில் இருந்தவர்கள். உடலெங்கும் பரவிய திடக்கட்டிகளில் அந்த அளவு வெற்றியை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

உங்கள் அப்பாவின் நிலைக்கு நெருக்கமான முன்னுதாரணம் ஒசிமெர்டினிப் என்பது என் எண்ணம். ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் கொண்ட நுரையீரல் புற்றுநோயில் முதல் தலைமுறை மாத்திரைகள் சில காலம் வேலை செய்துவிட்டுப் பயனற்றுப் போகும். அவ்வாறு போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் டி790எம் என்ற இரண்டாவது மாற்றம் தோன்றியிருந்தது. 2013இல் தொடங்கிய முதற்கட்ட ஆய்வில், அந்த இரண்டாவது மாற்றம் இருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது, இல்லாதவர்களில் 21 சதவீதத்தினருக்கு மட்டுமே. மருந்தும் ஒன்று, புற்றுநோயும் ஒன்று. முந்தைய மருந்து ஏன் தோற்றது என்ற காரணம்தான் அடுத்த மருந்தின் பலனைத் தீர்மானித்தது.

இதனாலேயே, சோட்டோராசிப் பயனற்றுப் போனதற்கான காரணத்தைத் தேடிப் பார்த்தீர்களா என்று நான் கேட்க விரும்புகிறேன். கேராஸ் மரபணுவிலேயே புதிய மாற்றங்கள் தோன்றி, மாத்திரை பற்றிக்கொள்ளும் இடம் உருமாறியிருக்கலாம். அந்த மரபணுவின் பிரதிகள் பெருகியிருக்கலாம். மெட் போன்ற வேறொரு மரபணு பெருகி வளர்ச்சிச் சமிக்ஞையை மாற்றுப்பாதையில் செலுத்தலாம். அரிதாகக் கட்டியின் உயிரணு வகையே மாறியிருக்கலாம். கேராஸிலேயே மாற்றம் என்றால் ராஸை வேறு விதத்தில் தடுக்கும் புதிய மருந்துக்கு வலுவான தர்க்கம் இருக்கிறது. மாற்றுப்பாதை என்றால் அந்தத் தர்க்கம் பலவீனமடைகிறது. வளர்ந்திருக்கும் கல்லீரல் கட்டியிலிருந்து புதிய பயாப்சி (திசு மாதிரி எடுத்துச் சோதிப்பது), அது இயலாவிட்டால் இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைப் படிக்கும் பரிசோதனை, இவற்றில் ஒன்றைச் செய்து பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நோய் கண்டறிந்தபோது எடுத்த பழைய அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுப்பது போதாது.

மரபணு மாற்றத்தின் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பலனும் ஒன்றாக இருக்கும் என்று கருதுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிராஃப் என்ற மரபணுவில் வி600இ மாற்றம் கொண்ட மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் வெமுராஃபெனிப் விரிவாக்கப் பகுதியில் 32 பேரில் 26 பேருக்குப் பலன் தந்தது. அதே மாற்றம் கொண்ட பெருங்குடல் புற்றுநோயில் அதே மருந்து தனியாகக் கொடுக்கப்பட்டபோது ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை, ஏனெனில் அந்தத் திசுவில் பிராஃபை அடைத்ததும் ஈஜிஎஃப்ஆர் பாதை விழித்துக்கொண்டது. சோட்டோராசிபின் முதற்கட்ட ஆய்விலும் இதே வேறுபாடு தெரிந்தது: நுரையீரல் புற்றுநோயில் 32.2 சதவீதம், பெருங்குடல் புற்றுநோயில் 7.1 சதவீதம். ஆகவே, புதிய மாத்திரை பற்றிக் கிடைக்கும் நல்ல செய்தி எந்த உறுப்பின் புற்றுநோயில் கிடைத்தது என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்பது கீமோதெரபிக் காலத்து எண்ணம். இலக்கை முழுமையாக அடைத்துவிட்ட பிறகு மேலும் மருந்தை ஏற்றுவதால் பக்கவிளைவு மட்டுமே கூடும். சோட்டோராசிபின் முதற்கட்ட ஆய்வில் அளவை மட்டுப்படுத்தும் நச்சு விளைவு எதுவும் தென்படாததால், சோதித்தவற்றுள் மிக உயர்ந்த 960 மில்லிகிராமே தேர்ந்தெடுக்கப்பட்டது. 2021இல் ஒப்புதல் அளித்தபோதே, குறைந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிபந்தனை விதித்தது. அதே ஆண்டில் ஆப்டிமஸ் என்ற திட்டத்தையும் தொடங்கி, தாங்கக்கூடிய உச்ச அளவைத் தேடுவதை விடுத்துத் தகுந்த அளவைத் தேடுங்கள் என்று மருந்து நிறுவனங்களை வற்புறுத்திவருகிறது. உங்கள் அப்பா மிக உயர்ந்த படியில் இல்லை என்றால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. அவருடைய அளவில் இரத்தத்தில் எவ்வளவு மருந்து சேர்கிறது, விலங்காய்வில் கட்டியைச் சுருக்கத் தேவைப்பட்ட அளவை அது எட்டிவிட்டதா என்பதே பொருளுள்ள கேள்வி.

கடலோடி

என் அண்ணன் உயிருடன் இருந்தபோது இத்தகைய ஓர் ஆய்வில் பங்கேற்றார். அவருடன் இருந்து கவனித்துக்கொண்டவன் நான். மேலே இருவரும் அறிவியலைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அன்றாடம் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன், ஏனெனில் எங்களுக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மருந்து தொடங்கும் முதல் நாள் மிக நீண்டது. காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். கையில் ஊசிக்குழாய் பொருத்தி, மாத்திரை விழுங்குவதற்கு முன் ஒருமுறை, பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு, நான்கு, எட்டு மணி என்று இரத்தம் எடுப்பார்கள். மறுநாள் காலையிலும் வரவேண்டும். ஒவ்வொரு முறை இரத்தம் எடுப்பதற்கு முன்பும் அண்ணன் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், அடுத்தடுத்து மூன்று இசிஜி எடுப்பார்கள். குறித்த நேரத்திலிருந்து சில நிமிடம் தவறினாலும் அதை எழுதி வைக்கிறார்கள். முதுகெலும்பில் நோய் இருந்ததால், அந்தக் கட்டிலில் அசையாமல் படுத்திருப்பதே அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது. உங்கள் அப்பாவுக்கும் எலும்பில் நோய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளுக்கான வலி மருந்தை எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் வாரந்தோறும், சில வாரங்களில் இருமுறைகூடச் செல்ல வேண்டியிருந்தது. மாத்திரை எடுத்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். காலியான குப்பியையும் மீதி மாத்திரைகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கென்றே இரண்டு பயாப்சிகள் எடுத்தார்கள், மருந்துக்கு முன் ஒன்றும் மருந்து தொடங்கிய பின் ஒன்றும். இரண்டாவது பயாப்சியால் அண்ணனின் சிகிச்சையில் எந்த மாற்றமும் வரப்போவதில்லை, மருந்து இலக்கைத் தொட்டதா என்று ஆய்வாளர்கள் அறியவே அது தேவைப்பட்டது. இதை அவருக்கு விளக்கியபோது அவர் மனமுவந்து சம்மதித்தார். உங்கள் ஆய்வில் அது கட்டாயமா, விருப்பத்துக்கு உட்பட்டதா என்று படிவத்தில் தேடிப் பாருங்கள்.

எங்களை மிகவும் வருத்தியது, தொடங்குவதற்கு முந்தைய காத்திருப்பு. பழைய மருந்தை நிறுத்திவிட்டு அது உடலைவிட்டு நீங்கும்வரை சில வாரங்கள் எந்தப் புற்றுநோய் மருந்தும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கல்லீரல் இரத்தப் பரிசோதனை மோசமாகி, தகுதி இழந்துவிடுவோமோ என்ற பதற்றத்திலேயே இருந்தோம். உங்கள் அப்பாவுக்குக் கல்லீரலில் நோய் வளர்ந்துவருவதால், இந்த இடைவெளி எத்தனை நாள், அதற்குள் நோய் முற்றினால் அடுத்து என்ன செய்வார்கள் என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

பலனையும் சொல்ல வேண்டும் அல்லவா? அண்ணனின் கட்டி சுருங்கவில்லை. இரண்டு ஸ்கேன்கள்வரை வளராமல் நின்றது, பிறகு வளர்ந்தது, ஆய்விலிருந்து வெளியே வந்தோம். மருந்தாய்வில் இருந்த காலம் முழுவதும் வலிதணிப்பு மருத்துவரையும் தொடர்ந்து பார்த்துவந்தோம். அது மிகச் சரியான முடிவு என்று இன்றும் நம்புகிறேன். ஆய்வில் சேர்ந்தால் வலிதணிப்புச் சிகிச்சை கிடைக்காது என்றோ, அதை நாடினால் முயற்சியைக் கைவிட்டதாகிவிடும் என்றோ யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். இரண்டும் ஒன்றாகவே நடக்கலாம். ஆனால் எத்தனை நாள் மருத்துவமனையில் கழியும், எத்தனை நாள் வீட்டில் கழியும் என்பதை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லி, அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அண்ணன் தெரிந்தே, விரும்பியே போனார்.

வானம்பாடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நாளை மறுநாள் மருத்துவரைச் சந்திக்கிறோம். எந்த அளவுக் குழு, புதிய மரபணுப் பரிசோதனை, இடைவெளி நாட்கள் ஆகிய மூன்றையும் முதலில் கேட்கப்போகிறோம். கடலோடி அவர்களே, உங்கள் அண்ணனைப் பற்றி எழுதியதற்கு நன்றி சொல்ல வார்த்தையில்லை.

இன்னும் ஒரு கேள்வி. அப்பா நெஞ்செரிச்சலுக்காக நெடுநாளாக ஒமெப்ரசோல் எடுத்துவருகிறார். குமட்டலுக்கு ஒன்டான்செட்ரானும், தெரிந்தவர்கள் வாங்கித் தந்த மூலிகைப் பொடி ஒன்றும் உண்டு. இவற்றைப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டுமா?

மருந்தியலாளன்

கட்டாயம் சொல்ல வேண்டும், மூன்றையுமே. மாத்திரையாகக் கொடுக்கப்படும் இலக்கு மருந்துகள் பலவும் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் நன்றாகக் கரையும். சோட்டோராசிபுக்கே ஒமெப்ரசோல் வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்கிறது, ஏனெனில் அவை அமிலத்தைக் குறைத்து, இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவைக் குறைத்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே காலத்தில் எடுத்துவந்தாரா என்பதை மருத்துவரிடம் தெரிவியுங்கள், அதுவும் அவருக்குத் தேவையான தகவல். ஒன்டான்செட்ரான் இசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளியை நீட்டிக்கக்கூடியது; அது மிகவும் நீண்டால் இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தடுமாறலாம். புதிய மருந்தும் அப்படிச் செய்கிறதா என்று அறியவே மும்மூன்று இசிஜி எடுக்கிறார்கள், எனவே இரண்டும் சேர்ந்தால் ஆபத்தும் கூடும், எந்த மருந்தால் வந்தது என்ற குழப்பமும் வரும். மூலிகைப் பொடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாதவரை, அது கல்லீரல் நொதிகளைத் தூண்டி மருந்தை விரைவில் வெளியேற்றுமா, தடுத்துத் தேங்கவைக்குமா என்று எவராலும் சொல்ல இயலாது. அதோடு கல்லீரல் பரிசோதனை எண்கள் உயர்ந்தால் அந்தப் பழி புதிய மருந்தின் மேல் விழுந்து, அவருடைய அளவு குறைக்கப்படவோ நிறுத்தப்படவோ கூடும்.

ஆனால் எதையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் அந்தப் பொடியையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துச் சென்று, ஒருங்கிணைப்பாளரிடம் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.

நீலக்குறிஞ்சி

இம்யூனோதெரபியின் கடைசி ஊசி போட்ட தேதியையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அது முடிந்து சிறிது காலத்துக்குள் கேராஸ் மருந்தைத் தொடங்கியவர்களுக்குக் கல்லீரல் அழற்சி கூடுதலாக வந்ததைப் பல மையங்களில் கண்டிருக்கிறார்கள். அந்த விளைவு மாதக்கணக்கில் நீடிக்கலாம். சோட்டோராசிப் எடுத்தபோது அப்பாவின் கல்லீரல் எண்கள் எப்போதாவது உயர்ந்தனவா, அதற்காக மருந்தை இடையில் நிறுத்தினார்களா என்று ஆய்வு மருத்துவர் நிச்சயம் கேட்பார். பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தால், தகுதி பார்க்கும் வேலை அன்றே முடிந்துவிடவும் கூடும்.